பன்னிரண்டு கருவியும் ஒரு வரிசையும்

1

எங்கள் ஆய்வகத்துக்குப் பன்னிரண்டாவது ஸ்பெக்ட்ரோ வந்த அதே வாரத்தில்தான் ஏற்காட்டில் என் தோழி காவேரி பாடம் நடத்தும் கல்லூரிக்கு முதல் ஸ்பெக்ட்ரோ வந்தது. முழுப் பெயர் நீளமானது; வேதியியல் படித்தவர்கள் யாரும் அதை முழுதாகச் சொல்வதில்லை. ஒரு கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி, எந்த ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் பெட்டி, அவ்வளவுதான். கோடு போகிற போக்கில் ஓர் இடத்தில் மேடாக எழும்பும். அதற்குப் பீக் என்று பெயர். பீக் எழும்பும் இடத்தை வைத்துக் கரைசலில் என்ன இருக்கிறது என்றும், உயரத்தை வைத்து எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். இனி நான் சொல்லப்போகும் வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு வேதியியல் போதும்.

இங்கே, நியூசிலாந்தின் தெற்குத் தீவில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், கருவி வந்த விதத்தை முதலில் சொல்கிறேன். கிடங்கிலிருந்து ஓர் ஆள் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். அட்டையைக் கிழித்தார்கள், பக்கவாட்டில் எண் ஒட்டினார்கள், பதினோராவதற்குப் பக்கத்தில் வைத்தார்கள். கோடைப் பருவ வகுப்பு மாணவர்கள் அப்போது அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். கருவியை அல்ல, அதைச் சுற்றியிருந்த குமிழ்த்தாளை. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கி, பட் பட்டென்று உடைத்துக்கொண்டே போனாள்.

அங்கே வந்த விதம் வீடியோவாக என் கைபேசிக்கு வந்தது. மலைப்பாதையில் வேலை நடந்ததால் வண்டி குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறியிருக்கிறது. பெட்டியை நாலு பிள்ளைகள் நாலு மூலையில் பிடித்துத் தூக்கி வருகிறார்கள். முப்பது பேர் கூடவே நடக்கிறார்கள். ஆய்வக உதவியாளர் பாப்பாத்தி ஆரத்தித் தட்டோடு வாசலை மறிக்கிறார்.

“நில்லுங்க சாமி, படி தாண்டாதீங்க! சுத்திப்போட்டுத்தான் உள்ள உடுவேன்.”

சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் நடந்தது. சக்கரமே இல்லாத கருவிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு வாக்குவாதமும் நடந்தது. படத்துக்கு வெளியே காவேரியின் குரல் கேட்டது. “ஏனுங்க பாப்பாத்தி, பொட்டு எங்க வேணும்னாலும் வைங்க. ஒளி போற ஓட்டைல மட்டும் வெச்சுப்போடாதீங்க!” முப்பது பேரும் சிரித்தார்கள்.

பெட்டியின் இடது பின்மூலையைத் தூக்கிக்கொண்டு, நெற்றியில் சந்தனத்தோடு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தவள் என் மகள் லீனா. என் ஆய்வகத்தில் அவள் ஒரு பீக்கரை ஆர்வமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது.

2

நான் நாகலூர்க்காரி. ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று இங்கே கேட்பவர்களிடம் மேற்படிப்புக்காக என்பேன். நிஜமான காரணம் ஒரு நீலநிற வெல்வெட் உறை.

சேலத்தில் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்கள் துறையில் ஒரே ஒரு ஸ்பெக்ட்ரோ இருந்தது. துறையிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை அதற்குத்தான். செருப்பை வெளியே விட வேண்டும். சாவி பேராசிரியரிடம் இருக்கும். வருடத்தின் முதல் வாரத்தில் எங்களை வரிசையாக உள்ளே அழைத்து, அதைப் போர்த்தியிருந்த நீல உறையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவார். அதன் பிறகு ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும்தான் தொடலாம். நாங்கள் தேர்வில் அதன் செயல்பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதி, கோட்டுப்படமும் போட்டு, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். ஒரு பொத்தானைக்கூட அழுத்தியதில்லை.

காவேரி செம்மநத்தத்தில் தினையும் கொஞ்சம் காபியும் போடும் குடும்பத்துப் பெண். மலையிலிருந்து இறங்கும் ஒரே பஸ்ஸில் இருவரும் வருவோம். ஆய்வகத்திலும் ஒரே மேசை. அந்த ஏ.சி. அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஆராய்ச்சி அண்ணன் ஏதாவது ஒரு கரைசலை வைப்பது தெரியும். அது என்ன என்று கேட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்து, வரப்போகும் கோடு எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு கிராஃப் தாளில் வரைவோம். அண்ணன் வெளியே வந்து நிஜக் கோட்டைக் காட்டுவார். யார் வரைந்தது நெருக்கமாக இருக்கிறதோ அவளுக்கு மற்றவள் டீ வாங்கித் தர வேண்டும். தொட விடாத பொருளோடு விளையாட எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் ஆய்வகக் கோட்டு புதிதாக வாங்கிக்கொண்டு காவேரியின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் அம்மா இரண்டு கோட்டையும் வாங்கி, உள்பக்க மூலையில் விரலால் மஞ்சள் தடவினார்.

“புதுத்துணிய அப்படியே போடக்கூடாது கண்ணு.”

“நாங்க கிறிஸ்டியனுங்கம்மா” என்றேன்.

“மஞ்சளுக்கு அதெல்லாம் தெரியுமா சாமி? போடு, போடு.”

அடுத்த வாரமே டைட்ரேஷன் செய்யும்போது சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு அந்த மூலையில் தெறித்து, மஞ்சள் இருந்த இடம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. ரத்தம் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து இயற்பியல் துறையிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று பள்ளியிலேயே படித்தவள் நான். காவேரி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கோட்டு இன்னும் இங்கே என் அலமாரியில் இருக்கிறது. எத்தனை துவைத்தாலும் மூலையில் மஞ்சள் போகவில்லை.

படிப்பு முடிந்ததும் நான் கருவிகள் இருக்கும் ஊரைத் தேடி வந்தேன். அவள் மலைக்குத் திரும்பி வேலைக்குச் சேர்ந்தாள். பல வருடம் அவள்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். “அத்தன மிஷினா? ஏம்புள்ள, ஒன்ன யாருக்கும் தெரியாம பையில போட்டு அனுப்பி உடேன்” என்பாள். அப்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அது எவ்வளவு இனிப்பான உணர்வு என்பது, இடம் மாறிய பிறகுதான் தெரிகிறது.

3

லீனா எங்களுக்கு ஒரே பெண். போன வருடம் என் பல்கலைக்கழகத்திலேயே வேதியியல் எடுத்தாள். என் ஆய்வக வகுப்பு வேண்டாம் என்று வேறொருவரின் நாளுக்கு மாற்றிக்கொண்டாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகிற சாக்கில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். குப்பிகளைத் தட்டில் அடுக்குவாள். ஒரு பொத்தானை அழுத்துவாள். கருவியே ஒவ்வொன்றாக எடுத்து அளக்கும். அவள் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பாள். கோடுகள் எல்லாம் மின்னஞ்சலில் வந்து விழும். வகுப்பு முடிந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், ஏனென்றால் எங்கள் கருவிகள் அப்படித்தான்.

வருடக் கடைசியில் வேதியியலை விடப்போகிறேன், கணினி விளையாட்டு வடிவமைப்பில் சேரப்போகிறேன் என்றாள்.

“போர் அடிக்குதா?”

“இல்லம்மா. அங்க நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

இருபது வருடம் நான் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி அவள் சொன்னது அது. நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

டிசம்பரில் இங்கே நீண்ட விடுமுறை. நாகலூரில் என் அண்ணன் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறார். அவர் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று நான்தான் லீனாவை அனுப்பினேன். காவேரிக்கு ஒரு கம்பளிச் சால்வையும் வாங்கிக் கொடுத்து, கல்லூரிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வா என்றதும் நான்தான். கொடுக்கப் போனவள் மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். வெளியாள் ஆய்வகத்தில் உட்காரக் கல்லூரி முதல்வரின் அனுமதி வேண்டும். காவேரி ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்து அன்று மதியமே கையெழுத்து வாங்கிவிட்டாள். அதன் பிறகு தினமும் காலையில் நாகலூரிலிருந்து பஸ். கருவிப் பெட்டி வந்தபோது தூக்குவதற்கு அவள் அங்கே இருந்தது இப்படித்தான்.

“பெரியம்மா சொன்னாங்க” என்றுதான் ஒவ்வொரு பேச்சும் தொடங்கும். என்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்ற உரிமையில் காவேரி தன்னை அப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா சொன்னாங்க, பிப்பெட்ல அளவ மேலருந்து பாக்கக் கூடாது, கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்கணும். பெரியம்மா சொன்னாங்க, கண்ணாடியத் தொடுற கை மொளகாயத் தொட்டிருக்கக் கூடாது. இதையெல்லாம் நான் சொன்னதே இல்லையா? முதல் வருடக் கையேட்டில் இருப்பதே நான் எழுதியதுதானே?

தமிழ் வேறு. ஞாயிற்றுக்கிழமைதோறும் காரில் ஏற்றி, தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே அவள் கற்றதெல்லாம் “வணக்கம், என் பெயர் லீனா”தான். மூன்று வாரத்தில் மலையிலிருந்து போன் செய்து, “நொம்ப நல்லா இருக்குதுங்கம்மா” என்கிறாள். எனக்கே ‘ங்க’ போடுகிறாள். என் கணவர் சந்தோஷத்தில் கைதட்டினார். நான் சந்தோஷப்படவில்லை. எனக்குக் கொடுக்காததை அவள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, மீதியை எனக்குக் கொண்டுவருவதாகத் தோன்றியது.

ஒருநாள் கேட்டேன். “முப்பது பேருக்கு ஒரு கருவின்னா பாதி நேரம் வீணாத்தானே போகும்?”

“வீணா? வரிசைல நிக்கும்போதுதாம்மா வேலையே. கதவுல பெரியம்மா எழுதி ஒட்டியிருக்காங்க, ‘வரைந்தவர் மட்டும் வரிசையில்’னு. உன் கரைசல்ல என்ன கோடு வரும்னு மொதல்ல கிராஃப் ஷீட்ல வரையணும். முன்னாடி நிக்கறவங்க, பின்னாடி நிக்கறவங்க எல்லாம் பாப்பாங்க. ஏன் இங்க மேடு போட்ட, ஏன் இவ்ளோ ஒசரம்னு சண்ட போடுவாங்க. உங்க எஸ்டேட் காபில கஃபீன் அவ்ளோல்லாம் இல்லன்னு அடிச்சுக்குவாங்க. உன் டர்ன் வர்றதுக்குள்ள நீ மூணு தடவ அழிச்சு வரைஞ்சிருப்ப. அப்புறம்தான் மூடியத் தெறக்கவே உடுவாங்க.”

அது எங்கள் விளையாட்டு. ஏ.சி. அறைக்கு வெளியே வெறுந்தரையில் நாங்கள் இருவரும் கண்டுபிடித்தது. அதில் பாதி என்னுடையது. கை நிறையக் கருவி கிடைத்தவுடன் நான் அதை மறந்துபோனேன். ஒரு கருவியும் கிடைக்காத அத்தனை வருடமும் அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, இப்போது என் மகளுக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். என் பெயரைச் சொன்னாளா என்று லீனாவிடம் கேட்க வாய் வந்தது. கௌரவம் தடுத்தது.

4

நானும் செய்து பார்த்தேன். கோடைப் பருவ வகுப்பில் ஆளுக்கொரு கிராஃப் தாள் கொடுத்து, முதலில் வரையுங்கள், பிறகு அளப்போம் என்றேன். இருபது பேர், பன்னிரண்டு கருவி, வரிசை எங்கிருந்து வரும்? நாலு பேர் வரைந்தார்கள். மற்றவர்கள் கருவியில் அளந்துவிட்டு, வந்த கோட்டைப் பார்த்து அழகாக வரைந்தார்கள். ஒருவன் பாடப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டான்: கருவி சில நொடியில் சரியாகச் சொல்லப்போவதை நான் ஏன் தவறாக யூகிக்க வேண்டும்?

பொறுப்பாளர் நல்ல மனிதர். அறைக்கு அழைத்து உட்கார வைத்து, யோசனை அருமை, ஆனால் பாடத்தின் நோக்கங்களில் அது இல்லையே என்றார். சரி, காபியிலாவது தொடங்குகிறேன், மாணவர்கள் அவரவர் வீட்டுக் காபியைக் கொண்டுவரட்டும் என்றேன். உணவுப்பொருளை ஆய்வகத்துக்குள் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பித்தேன். ஆபத்து மதிப்பீடு கேட்டார்கள். காபிக்கொட்டையால் வரக்கூடிய ஆபத்துகளை யோசித்து யோசித்து எழுதினேன். யாராவது குடித்துவிடலாம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் காரணத்துக்காகவே நிராகரித்தார்கள்.

அன்று மாலை லீனா அனுப்பிய படத்தில் ஒரு பெண் தாவணியில் முடிந்துகொண்டு வந்த பச்சைக் காபிக்கொட்டையை ஆய்வக மேசையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

5

பிப்ரவரி பிறந்தது. லீனாவின் திரும்பும் டிக்கெட் சனிக்கிழமைக்கு. அந்த வாரத் தொடக்கத்தில் அண்ணன் வீட்டிலிருந்து அழைத்தாள்.

“அம்மா, நான் ஜூன் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா? அங்க ஒரு செமஸ்டர் லீவ் போட்டுக்கறேன். அப்புறம் வந்து வேதியியல்லயே தொடர்றேன். கேம் டிசைன் வேண்டாம்.”

வேதியியல்லயே தொடர்றேன் என்று அவள் சொன்னதைக் கேட்டுக் குதித்திருக்க வேண்டியவள் நான். என் காதில் விழுந்ததோ ‘இங்கயே’ மட்டும்.

“வேதியியல் படிக்க இங்க வா. இங்க பன்னிரண்டு கருவி இருக்கு.”

“அங்க நான் எதுக்குமே காத்துக்கிட்டு நின்னதில்லம்மா.”

“காவேரிக்குத்தான் ரெண்டு பையன் இருக்காங்களே. ரெண்டு பேரும் சென்னையில கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருக்காங்க. வேணும்னா அவங்களக் கூப்பிட்டு வரிசைல நிக்க வெச்சு வரையச் சொல்லட்டும். என் பொண்ணுதான் கெடச்சாளா?”

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அண்ணனின் குரல் குறுக்கே வந்தது. “ஏஞ்சாமி ரீட்டா, என்ன பேச்சு இது? அந்தப் புள்ள காவேரி உம்பேரச் சொல்லாத நாளில்ல.”

“சனிக்கிழமை டிக்கெட். மாத்த முடியாது” என்றேன்.

லீனா போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. ‘உம்பேரச் சொல்லாத நாளில்ல’ என்பது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சமாதானம் வருவதற்குப் பதில் எரிச்சல்தான் கூடியது. எல்லா நல்ல குணமும் அவளுக்கே இருக்க வேண்டுமா?

6

வியாழக்கிழமை மாலை. இங்கே கோடையில் ஆறரை மணிக்கும் வெயில் காயும். அங்கே அப்போது காலை பதினொன்று. துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது லீனாவிடமிருந்து ஒரு படம் வந்தது. ஸ்பெக்ட்ரோவின் திரை. கஃபீனின் பீக் இருக்க வேண்டிய இடத்தில், இருநூற்று எழுபது நானோமீட்டரைத் தாண்டி, சமர்த்தாக இருந்தது. அதற்கு ரொம்ப தூரம் தள்ளி, நானூற்று இருபது பக்கம், காபிச் சாற்றில் வரவே கூடாத இன்னொரு மேடு. கீழே ஒரு வரி: அம்மா, இது என்னன்னு தெரியுதா?

வீடியோவில் அழைத்தேன். லீனாவின் கண் சிவந்திருந்தது. சுற்றிலும் பிள்ளைகள்.

“நேத்துலருந்து வருதும்மா. எல்லார் காபிலயும் அதே எடத்துல. இவங்க எல்லாம் ஏற்காட்டுக் காபில மட்டும் இருக்கற புதுப் பொருளக் கண்டுபுடிச்சுட்டோம்னு ஆடிக்கிட்டு இருக்காங்க. மலை பேரையே வெச்சுட்டாங்க, சேர்வராயின்னு.”

பின்னால் ஒரு பையன் வெற்றிக்குறி காட்டினான்.

“உனக்கு என்ன தோணுது?”

“வெறும் ஆல்கஹால் வெச்சாலும் லேசா வருது. அப்போ காபி இல்லதானே? குவெட்ட தொடச்சுத் தொடச்சு வெக்கறேன். தொடைக்கத் தொடைக்க மேடு ஒசரமாகுது.” குரலைத் தாழ்த்தினாள். “இந்த வாரம் சாவி எங்கிட்டம்மா. வாரம் ஒருத்தர்கிட்ட குடுப்பாங்க. பெரியம்மா ட்ரெய்னிங்குக்குச் சேலம் போயிருக்காங்க, இப்போ வந்துருவாங்க. என் வாரத்துல மிஷின் கெட்டுப்போச்சுன்னா நான் என்ன சொல்வேன்?”

குவெட் என்பது கரைசலை ஊற்றி வைக்கும் சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதும் கோட்டில் தெரியும்.

“எதால தொடைக்கறீங்க?”

“புது மல் துணி. ரெண்டு சொட்டு ஆல்கஹால் உட்டுத் தொடைப்போம். பாப்பாத்திக்கா முந்தாநேத்துதான் ஓரம் அடிச்சுக் குடுத்தாங்க. நொம்ப சாஃப்ட்டும்மா.”

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நான் தெரியவில்லை என்று சொன்னால் போதும். தன் வாரத்தில் கருவி கெட்டது என்ற கூச்சத்தோடு அவள் சனிக்கிழமை விமானம் ஏறிவிடுவாள். அப்புறம் அந்த மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கையில் ஈரத்துணியோடு நான் அதை யோசித்தேன், நன்றாகவே யோசித்தேன். திரையில் அவள் சிவந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வேதியியல் கேள்வியோடு அவள் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“துணிய விரி. நாலு மூலையையும் காட்டு.”

மூன்று மூலை வெள்ளை. நாலாவதில் வெளிறிப்போன ஒரு மஞ்சள் திட்டு; ஆல்கஹால் பட்டுப் பட்டு, துணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருந்தது.

“அது மேல சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடு. விடறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு சொல்லு.”

“தெரியலம்மா.”

“அப்போ விட்டுப் பாரு.”

யாரோ சொட்டுக்குழலை நீட்டினார்கள். லீனா போனை மேசைமேல் எதிலோ சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தாள். வெளிறிய மஞ்சள், சொட்டு விழுந்ததும் செக்கச்செவேலென்று ஆனது. “ஐயோ, ரத்தம்!” என்று ஒரு பெண் அலறினாள். எனக்கு அந்த அலறல் யாருடையது என்று தெரியும்; அது அப்படியே நான்தான்.

“மஞ்சள்!” என்று லீனா கத்தினாள். கத்திக்கொண்டே துணியோடு ஓடினாள். அவள் கை பட்டுப் போன் மல்லாந்து விழுந்தது.

அதன் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தகரக் கூரையும், அதில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறியும்தான். சத்தம் மட்டும் வந்தது. சேர்வராயின் செத்துப்போச்சுடா என்று யாரோ ஒப்பாரி வைத்தார்கள். “புதுத்துணியாச்சேன்னு துளியூண்டு வெச்சனுங்க சாமி, நல்லதுக்குத்தானுங்க” என்று பாப்பாத்தி அழாத குறையாகச் சொன்னார். கருவிக்கு நடந்த எல்லாச் சடங்கையும் அவர் துணிக்கும் செய்திருக்கிறார். முப்பது பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தியாக என் மகள் சிரித்தாள். நான் துணிக்கொடியின் கீழ் நின்று ஒரு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மீதுகூடப் பொறாமையாக இருந்தது. அது அவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது.

சிரிப்புக்கு நடுவே வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. “என்னங்கடா சத்தம்? படி ஏறும்போதே கேக்குது?” காவேரி சேலத்திலிருந்து வந்துவிட்டாள்.

“பெரியம்மா! பெரியம்மா!” லீனாவின் கால்கள் ஓடும் சத்தம். “எங்கம்மா சொன்னாங்க! துணில மஞ்சள்! மிஷின் நல்லாத்தான் இருக்குது! எங்கம்மா அங்கிருந்தே பாத்துச் சொன்னாங்க!”

எங்கம்மா சொன்னாங்க. மறுபடியும் சொன்னாள். ஒவ்வொருவரிடமும் போய்ப் போய்ச் சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மின்விசிறியை மறைத்துக்கொண்டு காவேரியின் முகம் வந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது. தோளில் நான் கொடுத்துவிட்ட சால்வை.

“ஏம்புள்ள ரீட்டா, இன்னும் லைன்லதான் இருக்கறயா? அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தா நானே வந்து கண்டுபுடிச்சிருப்பேனல்ல? அதுக்குள்ள முந்திக்கிட்டயே!”

“உங்கம்மா தடவின மஞ்சளுக்குக் கத்தினது நான்தானே. நான்தான் கண்டுபிடிக்கணும்.”

“அதுவுஞ்சரிதான்” என்றாள். குரலில் நிஜமாகவே ஒரு குறை இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். “சனிக்கெழம புள்ளைய அனுப்பணுமா?”

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவளிடம்தான் முதலில் சொன்னதாக ஆகிவிடும். துணி காயப்போட்டுவிட்டு, உள்ளே போய், டிக்கெட்டை ஜூனுக்கு மாற்றினேன். பிறகு லீனாவுக்கு எழுதினேன். இருந்து படி. ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் நீ வரையும் கோட்டை முதலில் எனக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் உன் பெரியம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

பதில் உடனே வந்தது. தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாள்.

“வரிசைல வாங்கம்மா.”